4294967297: பகா எண் போலவே நடிக்கும் எண்

முதலில் இதைச் சரியாக வாசிப்போம்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதையே 4,294,967,297 என்று கமா போட்டு எழுதினால், 'நாலு பில்லியனா, சரி, நாலு கோடி' என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. வாசிப்பதற்குள்ளேயே நூறு மடங்கு காணாமல் போய்விடும்.

32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் இந்த எண் வரும். 1, 2, 4, 8, 16 இரண்டுகளுக்கு இப்படிச் செய்தால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று 1640இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. ஐந்து உதாரணம் சரியாக வந்தால் ஆறாவதும் வரும் என்ற நினைப்பில் ஃபெர்மாவே சறுக்கியிருக்கிறார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

7இல் முடிகிறது, இலக்கங்களின் கூடுதல் 59, அதுவும் பகா எண் என்பதையெல்லாம் வைத்து முடிவுகட்ட வேண்டாம். கூடுதல் 59 என்பதிலிருந்து தெரிவது 3ஆலும் 9ஆலும் வகுபடாது என்பது மட்டும்தான். வகுத்துப் பார்ப்பவர்களும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 500 வரை உள்ள 95 பகா எண்களையும் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் சிக்காது. 641 வரிசையில் 116ஆவது. முறைப்படி வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பொறி வேறு. p ஒரு பகா எண் என்றால், அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். இதுவும் ஃபெர்மா சொன்னதுதான், அதே 1640இல். நம் எண்ணை 2 வைத்துச் சோதித்தால் மீதி கச்சிதமாக 1! காரணம் எளிது: 2இன் 32ஆம் அடுக்கு நம் எண்ணைவிட ஒன்று குறைவு, அதனால் மீதி −1 என்று கொள்ளலாம், அதை வர்க்கப்படுத்தினால் 1, பிறகு எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 1தான்; அப்படி வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் சோதனைக்கு வேண்டிய p−1 அடுக்கும் வந்துவிடும். மீதி 1 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி; வந்துவிட்டதால் மட்டும் பகா எண் ஆகிவிடாது. 3 வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், கருவிகள். எக்ஸெலில் இதன் வர்க்கம் 18446744082299500000 என்று வரும். 7இல் முடியும் எண்ணின் வர்க்கம் 9இல்தானே முடிய வேண்டும்? எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. உண்மையான விடை 18446744082299486209.

கணினி நிரலில், குறியில்லாத (அதாவது எதிர்ம எண்களை ஏற்காத) 32 பிட் மாறியில் அடங்கும் மிகப்பெரிய எண் 4294967295. நம் எண்ணை அதில் போட்டால், இடம் போதாமல் மறுபடி 0இலிருந்து தொடங்கி 1 ஆகிவிடும். நிரலும் '1 பகா எண் அல்ல' என்று பார்த்து, 'இல்லை' என்று சரியான பதிலையே சொல்லும்.