குழுவாகத் தீர்மானம் எடுப்பது எப்படி? 14 பேர், ஒரு கடன், கொஞ்சம் புளியங்கொட்டை

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசுத் திட்டமாக 1989-இல் ஆரம்பித்தது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் (கிருஷ்ணகிரி அப்போது இதோடுதான் இருந்தது, 2004-இல் பிரிந்தது). ஆனாலும் பல குழுக்களில் தீர்மானம் எடுக்கிற விதம் இன்னும் அதேதான். குழுவை நடத்துகிற ஊக்குநர் "குழுக் கடனில் புளி வாங்கித் தட்டி விக்கலாமா?" என்பார், எல்லாரும் "சரிங்கக்கா" என்பார்கள், நோட்டில் கையெழுத்து விழும், மறுநாள் குழாயடியில் "எனக்கு அப்பவே மனசில்ல" என்று பேச்சு ஓடும்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று கேட்டுப் பார்த்தார். முன்பே சொல்லிவைத்த ஆட்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதும், சோதனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கோட்டுக்கே இந்தக் கதி என்றால், பெரியக்கா எதிரில் உட்கார்ந்து கடனைப் பற்றி வாய் திறப்பது லேசா? அதே சோதனையில் ஒரே ஒருத்தர் மாற்றிச் சொன்னாலும் அந்த அழுத்தம் நன்றாகக் குறைந்தது.

எனவே முதலில் எழுதணும், அப்புறம்தான் பேச்சு. டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் 1970-களின் தொடக்கத்தில் வகுத்த முறை இது, நம் குழுவுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"என்ன தொழில் பண்ணலாம்?" என்று கேட்டால் பேச்சு ஊரைச் சுற்றும். "இந்தக் கடனை மாசாமாசம் கட்டுகிற மாதிரி என்ன தொழில்?" என்று கேளுங்கள். முடிவு பெரும்பான்மைப்படியா, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தானா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். எண்ணி முடித்த பிறகு பேசினால் சண்டைதான்.

படி 2: பத்து நிமிஷம் பேசாமல் எழுதுங்கள்

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. எழுத வராதவர்கள் கணக்கு எழுதும் பெண்ணிடம் தனியாகச் சொல்லட்டும். ஊக்குநரும் எழுதணும், வாசிக்கும்போது அவர் சீட்டு கடைசியில் வரட்டும்.

படி 3: வாசியுங்கள், பிறகு கணக்குப் பாருங்கள்

சீட்டில் கறவை மாடு, புளி, தையல் என்று மூன்று வந்ததாக வைத்துக்கொள்வோம். எது நல்லது என்ற வாதத்தை இப்போதே ஆரம்பிக்காமல், விவரம் மட்டும் கேளுங்கள். புளி என்று எழுதியவரிடம்: ஓட்டோடு வாங்குகிறோமா, கொட்டைப் புளியாகவா? ஓட்டோடு வாங்கினால் ஓடும் கொட்டையும் போக ஏறக்குறைய பாதி எடைதான் சதையாக நிற்கும், அதைக் கழித்துத்தான் விலை போடணும். மாசி, பங்குனியில் வாங்கி வீட்டிலேயே வைத்தால் நாளாக ஆக நிறம் கறுக்கும், கறுத்தால் விலை இறங்கும், அதனால் குளிர்பதனக் கிடங்கு வாடகையும் கணக்கில் வரணும். மாட்டுக்கும் தையலுக்கும் இதே மாதிரி குடைந்து கேளுங்கள்.

படி 4: புளியங்கொட்டை ஓட்டு

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், பக்கத்து கையைப் பார்த்துத்தான் கை எழும். உள்ளறையில் மூன்று சொம்பு வையுங்கள், அடையாளத்துக்கு ஒன்றின் முன் வைக்கோல், ஒன்றின் முன் புளியம்பழம், ஒன்றின் முன் நூல்கண்டு. ஆளுக்கு 6 கொட்டை: முதல் விருப்பத்துக்கு 3, அடுத்ததுக்கு 2, கடைசிக்கு 1. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரட்டும். 14 பேர் என்றால் மொத்தம் 84 இருக்கணும், இல்லாவிட்டால் மறுபடி போடுங்கள்.

புளிக்கு 36, மாட்டுக்கு 33, தையலுக்கு 15 என்று வந்தால் புளி ஜெயித்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். அது இழுபறி. மாட்டுப் பக்கம் நின்றவர்களுக்கு எது உறுத்துகிறது என்று கேட்டுவிட்டு இன்னொரு சுற்று போடுங்கள்.

படி 5: தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிய யோசனை இது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். "அடுத்த ஆடி மாசம், வியாபாரம் படுத்துவிட்டது, ஏன்?" என்று கேட்டு ஆளுக்கு ஒரு காரணம் எழுதச் சொல்லுங்கள். காயப்போட்டது மழையில் நனைந்தது, வியாபாரி பாக்கி தரவில்லை, தட்டும் வேலை நாலு பேர் தலையிலேயே விழுந்தது என்று வரும். "இது சரிப்படாது" என்று வாயைத் திறக்காதவர்கூட இதற்குக் காரணம் எழுதிவிடுவார், ஏனென்றால் இங்கே குறை கண்டுபிடிப்பதே கொடுத்த வேலை.

படி 6: தீர்மான நோட்டு

என்ன தொழில், யார் பொறுப்பு, எவ்வளவு பணம் என்பதோடு எந்தக் கட்டத்தில் நிறுத்துவோம் என்பதையும் எழுதுங்கள். "இவ்வளவு போட்டாச்சே" என்று நஷ்டத்தில் மேலும் மேலும் கொட்டுவதை அந்த ஒரு வரிதான் தடுக்கும். ஒத்துக்கொள்ளாதவர் சொன்ன காரணத்தையும் அவர் பேரோடு எழுதி, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

தனியாள் முடிவுக்கு இவ்வளவு வேண்டாம். காரிமங்கலம் சந்தைக்கு மாடு வாங்கப் போகுமுன் பால் எவ்வளவு, எத்தனையாவது ஈத்து, கையில் எவ்வளவு என்று மூன்று நிபந்தனையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மூன்றும் பொருந்துகிற முதல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாவற்றையும் அலசி ஆகச் சிறந்ததைத் தேட மனுஷனுக்கு நேரமோ மூளையோ போதாது, போதுமானது கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதிய ஹெர்பர்ட் சைமனுக்கு 1978-இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள்.