உயரமான ஹேண்டில் மாட்டப் போகிறீர்களா? முதலில் கேபிளைப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து அறுகம் குடாவுக்குப் போய்வர ஒரு நாள் போதும். ஏ4 வீதியில் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போக வர 200 கிலோமீற்றருக்கு மேல் வரும். அந்த ஓட்டத்தில் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் என் பஜாஜ் அவெஞ்சர் மோட்டார் சைக்கிளுக்கு உயரமான ஹேண்டில் மாட்டினேன். மறுநாள் கல்லடியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வண்டியைத் திருப்ப, ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாக வெட்டினேன். நான் கையை முறுக்கவேயில்லை. எஞ்சின் தானாகவே உறுமத் தொடங்கியது. கிளச்சை அழுத்திப் பிடித்திருந்ததால் தப்பினேன். இல்லையென்றால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரின் மடியில் போய் நின்றிருப்பேன்.

காரணம் சின்னதுதான். ஹேண்டில் உயர்ந்துவிட்டது, அக்சிலேட்டர் கேபிள் பழைய நீளத்திலேயே இருந்தது. நேராக ஓடும்போது எட்டிய கேபிள், திருப்பும்போது இழுபட்டு எஞ்சினை முறுக்கிவிட்டது.

ஹேண்டிலை வெறும் பைப் என்று நினைத்து வாங்குவதுதான் முதல் தவறு. அதில் கிளச் கேபிள், அக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஒயில் போகும் ஹோஸ், சுவிட்ச் வயர் எல்லாம் தொங்குகின்றன. வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். பழைய ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றி, எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு தடிப்புள்ள மரக்கட்டையை அடியில் வைத்து, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எது விறைக்கிறதோ அதை மாற்றியாக வேண்டும். பழைய ஹேண்டிலுக்கு அடியில் பூட்டி 25, 30 மில்லிமீற்றர் உயர்த்தும் ரைசர் கட்டை என்றால் பல வண்டிகளில் பழைய கேபிளே எட்டிவிடும். நிறையப் பேருக்கு அந்த உயரமே போதும் என்பது என் எண்ணம். ஆனால் ரைசர் பார்வைக்கு எடுப்பாக இருக்காது, அதுதான் பிரச்சினை!

கேபிளை நீளமாகச் செய்விக்கும்போது இன்னொரு கோளாறு நடக்கும். வெளி உறையை 10 சென்ரிமீற்றர் கூட்டினால் உள்கம்பியையும் சரியாக அதே 10 சென்ரிமீற்றர்தான் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், அட்ஜஸ்டரை எவ்வளவு திருகினாலும் கிளச் ஒழுங்காக வராது. அளவெடுக்க ஒரு சணல் கயிறு போதும். புது ஹேண்டிலைப் பூட்டி, கேபிள் போகும் வழியிலேயே கயிற்றை விட்டு, முழுத் திருப்பத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பிரேக் ஹோஸில் மட்டும் விளையாட வேண்டாம். கொஞ்சம் இழுத்தால் எட்டும் என்று மாட்டிவிடுவார்கள், நிற்கும் வண்டியில் எட்டவும் செய்யும். ஆனால் மேட்டில் ஏறி இறங்கும்போது முன் ஃபோர்க் முழுதாக நீளும், ஹோஸும் அப்போதுதான் உச்சமாக இழுபடும். அதனால் முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டுதான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். எட்டவில்லையா, நீளமான ஹோஸாக முழுதாக மாற்றுங்கள். இடையில் ஒட்டுப்போட வேண்டாம். ஹோஸ் முனையின் பொல்ட்டுக்கு இரண்டு பக்கமும் வரும் செப்பு வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும். பழையது ஒருமுறை நசுங்கிவிட்டது, திரும்ப ஒழுகும்.

புது ஹோஸுக்கு ஊற்றும் பிரேக் ஒயில் டொட் 3 ஆ, டொட் 4 ஆ என்று ஹேண்டிலில் இருக்கும் ஒயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டொட் 5 சிலிக்கன் வகை, அதை இவற்றுடன் கலக்கவே கூடாது. கராஜ் மூலையில் திறந்து கிடக்கும் போத்தலும் வேண்டாம். அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? அப்புறம், பெற்றோல் டாங்கியை நனைத்த துணியால் மூடிவிடுங்கள். ஒயில் பட்ட இடத்தில் பெயின்ற் உரிந்துவிடும். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அது போகும்வரை வண்டியை வீதிக்கு எடுக்கக் கூடாது.

வயரை நீட்டும்போது முறுக்கி டேப் சுற்றுவது இங்கே வழக்கம். சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், உப்புக்காற்று உள்ளே போய்ச் செம்பு பச்சை பிடிக்கும். ஒருநாள் இரவில் சிக்னல் வேலை செய்யாதபோதுதான் தெரியவரும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். ஹேண்டில் திரும்பும் மடிப்பில் இணைப்பு வர விடாதீர்கள். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும். புது பைப்பில் அதற்குத் துளை இல்லாததால் முளையை அறுத்து எறிவார்கள். பிறகு அக்சிலேட்டரை முறுக்க, பெட்டியும் சேர்ந்து சுழலும். சரியான இடம் பார்த்துத் துளைதான் போட வேண்டும்.

பைப்பின் வெளிவிட்டம் கிளாம்புக்குப் பொருந்த வேண்டும். 22 மில்லிமீற்றரும் உண்டு, 25.4 உம் உண்டு. கிளாம்ப் பெரிதென்று சோடா டின் தகட்டை வெட்டிச் சொருகியதைப் பார்த்திருக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது உங்கள் பாரம் ஹேண்டிலில்தான் சாயும், அந்த நேரத்தில் அது முன்னால் சுழன்றால் என்ன ஆகும்?

உயரம் எவ்வளவு? கை தோளுக்கு மேலே போகக் கூடாது, முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு வலி போய்விடும் என்று நானும் நம்பினேன். நிமிர்ந்ததும் பாரம் முழுக்கப் பிட்டத்துக்கு வருகிறது, குழியில் விழும் ஒவ்வொரு அடியும் நேரே முதுகெலும்பில் ஏறுகிறது. எனக்கு உதவியது உயரமில்லை, பிடி கொஞ்சம் பின்னால் வந்ததுதான். செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பிடி அகலமாக இருந்தால், பசறைப் பக்கத்து வளைவுகளில் வெளிப்பக்கக் கைக்கு எட்டாமல் போகும்.

கச்சான் காலம் வேறு இருக்கிறது. கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை. கைகளை விரித்து, நெஞ்சை நிமிர்த்திப் போகிறவர் அதற்குக் கப்பல் பாய் மாதிரி. பொத்துவில் பக்கம் வெட்டவெளியில் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவது நன்றாகத் தெரியும். முன்சில்லில் பாரம் குறைந்ததால் ஹேண்டிலும் இலேசாக ஆடும். வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பூட்டி முடித்ததும் கிளாம்பிலும் பைப்பிலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ற் கோடு போட்டு வையுங்கள். ஊருக்குள் ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் பைப் சுழன்றிருக்கிறது. அறுகம் குடாப் பயணம் அடுத்த கிழமைக்குப் போகட்டும்.