சீட்டு அதேதான், மதிப்பு மாறும்: ஆட்டத்துக்கு ஆட்டம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஒரே கல்யாண வீட்டில் இரண்டு விதமான சீட்டாட்டம் நடப்பது சாதாரணம். முந்தைய நாள் இரவு ஒருபக்கம் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பார்கள். நாகர்கோவில் பக்கத்துச் சொந்தங்கள் ரம்மிக்குப் பாய் விரிப்பார்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இருபத்தெட்டு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதி என்பதால், மலையாளக் கரையின் ஆட்டம் இங்கே ஊன்றிப்போனதில் வியப்பில்லை. சிக்கலெல்லாம் ஒரு பாயில் இருந்து எழுந்து அடுத்த பாயில் உட்காருபவருக்குத்தான். சீட்டு புதிய ஆட்டத்துக்குரியது, கணக்கு பழைய ஆட்டத்துக்குரியது. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ரம்மியில் அது பத்துப் புள்ளிச் சுமை, சேராவிட்டால் முதலில் கழிக்க வேண்டிய சீட்டு. இருபத்தெட்டில் அதுவே தலைவன். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள் மட்டும் வைத்து ஆடும் இந்த ஆட்டத்தில் வரிசை இப்படி இறங்கும்: ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஸ்பேட், ஹார்ட் போன்ற ஓர் இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ராஜாவைப் போட்டுவிட்டுப் பிடி (அந்தச் சுற்றில் விழுந்த சீட்டுகள்) தனக்குத்தான் என்று கையை நீட்டுபவரை அடுத்தவரின் பத்து வெட்கப்படுத்தும்.

இருபத்தெட்டில் முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தே, தன் அணி எத்தனை புள்ளி எடுக்கும் என்று கேட்க வேண்டும். குறைந்த கேள்வி 14. அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைத் துருப்பாக, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனமாகக் கவிழ்த்து வைப்பார், பிறகு மீதி நான்கு சீட்டுகள் வரும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, கையில் உள்ள புள்ளிகளைக் கூட்டிக் கேட்பது. நான்கு இனத்தில் நான்கு சீட்டு, அதில் இரண்டு ஜாக்கி என்றால் பார்வைக்கு அழகுதான். ஆனால் துருப்பாக வைக்க நீளமான இனம் எதுவும் இல்லை. ஓர் இனத்தில் ஜாக்கியோடு மூன்று சீட்டு இருப்பது அதைவிட உறுதி. 18 கேட்டவர் எதிரணிக்கு 10 புள்ளிவரை விட்டுக்கொடுக்கலாம், 11 போனால் ஆட்டம் போச்சு. கேட்கும் முன் இந்தக் கழித்தலைச் செய்து பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது ஒன்பதை அவசரமாக இறக்குவது. அந்த இனத்தின் ஜாக்கி வெளியே வராதபோது ஒன்பதைப் போட்டால், ஜாக்கி வைத்திருக்கும் எதிரணிக்கு ஒரே பிடியில் ஐந்து புள்ளியைத் தூக்கிக் கொடுத்ததாகும். மேலே யார் கையில் ஆஸோ பத்தோ சிக்குகிறதோ, அதுவும் போகும். ஜாக்கி விழும்வரை ஒன்பதைப் பொத்தி வையுங்கள். அதற்கு நேர்மாறாக, எதிரே அமர்ந்த கூட்டாளியின் ஜாக்கி பிடியை வென்றுகொண்டிருக்கும்போது ஏழையும் எட்டையும் போட்டுக் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஆஸோ பத்தோ சேமித்து வைக்க வேண்டிய இடம் அந்தப் பிடிதான்.

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது துருப்பை நேரம் தெரியாமல் திறக்கச் சொல்வது. இறக்கிய இனம் கையில் இல்லாதவருக்குத் துருப்பு கேட்கும் உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. கேட்டுவிட்டால் கையில் துருப்பு இருக்கும்வரை அந்தப் பிடியில் அதைப் போட்டாக வேண்டும். கூட்டாளி ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கும் பிடியில் “துருப்பைத் திறங்கள் அண்ணாச்சி” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, தன் துருப்பாலேயே கூட்டாளியின் சீட்டை வெட்டுபவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கூட்டாளியின் முகத்தைப் பார்க்காமலிருப்பது நல்லது. பார்ப்பதே தவறாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம், ஏனென்றால் புருவம், இருமல், சீட்டைத் தட்டும் விதம் எதனாலும் குறிப்புக் கொடுக்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் மரியாதை. கையில் இனம் இருந்தும் வேறு சீட்டைப் போடுவது இன்னும் மோசம். பல இடங்களில் அதோடு ஆட்டம் தோற்றதாகவே கொள்வார்கள்.

ஆறு பேர் சேர்ந்து ஆடும் ஐம்பத்தாறில் நிலைமை வேறு. இரண்டு கட்டிலிருந்து ஜாக்கி முதல் ராணி வரையிலான 48 சீட்டுகள், ஆளுக்கு எட்டு. அங்கே கேட்பதே ஒரு பேச்சு. எண்ணை முதலில் சொல்வதா, இனத்தை முதலில் சொல்வதா, எவ்வளவு ஏற்றுவது, ஒவ்வொன்றுக்கும் கூட்டாளிக்குப் புரியும் பொருள் உண்டு. இருபத்தெட்டுப் பழக்கத்தில் வாய்க்கு வந்தபடி கேட்டால் கூட்டாளிகள் இருவரும் இல்லாத சீட்டை நம்பி ஆடுவார்கள். ஒரே சீட்டு இரண்டு இருப்பதால், முதலில் விழுந்ததற்கே பிடி என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவதாக ஜாக்கியைப் போட்டு மூன்று புள்ளியைத் தானம் செய்பவர்களைப் பார்க்கலாம்.

ரம்மிக்கு வந்தால், பதின்மூன்று சீட்டு ஆட்டத்தில் முதல் வேலை ஜோக்கர் சேராத ஒரு வரிசை, அதாவது ஒரிஜினல். அது இல்லாமல் டிக் அடித்தால், அதாவது ஆட்டத்தை முடித்ததாக அறிவித்தால், 80 புள்ளி தண்டம். அது சேருமுன் வேறொருவர் டிக் அடித்துவிட்டாலும், நீங்கள் சேர்த்து வைத்த மற்றதெல்லாம் சுமையாகவே கணக்கில் ஏறும். ஆனாலும் பலர் கை நிறைய ஜோக்கர் வந்த மகிழ்ச்சியில் ஒரிஜினலைத் தள்ளிப்போடுகிறார்கள். வெட்டு ஜோக்கராக (கட்டிலிருந்து எடுத்துத் திறந்து வைக்கும் ஜோக்கர்) ஸ்பேட் ஏழு வந்திருந்தால், ஸ்பேட் ஆறு, ஏழு, எட்டு என்று அதன் சொந்த இடத்தில் வைக்கும்போது அது ஒரிஜினல்தான் என்பதும் பலருக்கு நினைவில் வருவதில்லை.

நடுச்சீட்டின் அருமையும் கவனிக்க வேண்டியது. ஏழு மூன்று விதமான மூன்று சீட்டு வரிசைகளில் சேரும்: ஐந்து-ஆறு-ஏழு, ஆறு-ஏழு-எட்டு, ஏழு-எட்டு-ஒன்பது. ஆஸுக்கும் ராஜாவுக்கும் இரண்டிரண்டு வழிகள்தான், சேராவிட்டால் பத்துப் புள்ளி வேறு. ராஜா-ஆஸ்-இரண்டு என்று சுற்றி வரும் வரிசை செல்லாது. இரண்டு கட்டுச் சீட்டு என்பதால் ஒரே இனத்தில் இரண்டு ராணி வந்துவிட்டால், அவற்றை ஒரே செட்டில் (ஒரே மதிப்புள்ள வெவ்வேறு இனச் சீட்டுகளின் சேர்க்கை) வைப்பதும் செல்லாது. இதில் தவறி 80 வாங்கியவர்கள் நிறைய.

ரம்மியில் மிகப் பெரிய தவறு எழுந்து போக மறுப்பது. முதலிலேயே ஸ்கூட் போனால், அதாவது ஆடாமல் விலகினால், 20, நடுவில் போனால் 40, ஃபுல் (முழுத் தண்டம்) என்றால் 80. நான்கு ஸ்கூட் சேர்ந்தால்தான் ஒரு ஃபுல். சேர வழியில்லாத கையை வைத்துக்கொண்டு “இன்னும் ஒரு சீட்டு பார்ப்போமே மாமா” என்று இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உறைப்பதில்லை. இருபத்தெட்டில் விலகும் வழி கிடையாது என்பதால், அங்கிருந்து வருபவர்கள் குறிப்பாக இதில் விழுகிறார்கள்.

கையிலுள்ள சீட்டையெல்லாம் தீர்க்க வேண்டிய பிள்ளைகளின் கழுதை ஆட்டத்தை எளிதென்று நினைக்க வேண்டாம். இறக்கிய இனம் இல்லாதவர் வேறு சீட்டை வெட்டினால், அந்த இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். ஆகவே ஆஸையும் ராஜாவையும் கடைசிவரை காப்பாற்றுவது தப்பு. எல்லோர் கையிலும் எல்லா இனமும் இருக்கும் முதல் சுற்றுகளிலேயே அவற்றைக் கழித்துவிட வேண்டும். யார் எதை அள்ளினார் என்பது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அதை மறப்பவர்தான் கழுதை ஆகிறார்.

சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று பந்தயம் வைக்கும் மங்காத்தாவில் தவறு எது சரி எது என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே நான்கு முறை விழுந்ததால் அடுத்தது வெளியே என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. முதல் சீட்டு விழும் பக்கத்துக்குச் சிறு முன்னிலை உண்டு, அவ்வளவுதான். 1968-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தை அதனோடு சேர்க்கவில்லை. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள், நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு சொன்னதை விட்டுவிடுகிறார்கள். கைப்பேசியில் பணம் வைத்து ஆடுவதற்கு அந்த வாதமும் இனி உதவாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் இணையப் பண விளையாட்டுகளைத் தடைசெய்கிறது.

கலைப்பதில் காட்டும் சோம்பலும் ஆட்டத்தைக் கெடுக்கிறது. ரம்மி முடிந்த கட்டில் வரிசைகள் அப்படியே ஒட்டிக் கிடக்கும். இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விசிறிக் கலைத்தால் 52 சீட்டுக்கு ஏழு முறை போதும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இருவர் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம்மில் பலர் செய்வதுபோல் கட்டின் பகுதிகளை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டால் ஆயிரக்கணக்கான முறை தேவைப்படும். பாயில் பரப்பி இரு கையாலும் துழாவிச் சேர்ப்பது பார்க்க அழகில்லை, வேலை நடக்கும். இருபத்தெட்டிலிருந்து ரம்மிக்கு மாறும்போது, ஒதுக்கி வைத்த இரண்டு முதல் ஆறு வரையிலான 20 சீட்டுகளையும் எண்ணிச் சேருங்கள். சில இடங்களில் ஆறுகளை வைத்துத்தான் வெற்றி தோல்விக் கணக்குப் பார்ப்பார்கள், ஆகவே அவற்றில் ஒன்று பாய்க்கு அடியிலோ யாராவது ஒருவரின் சட்டைப் பையிலோ கிடக்கும்.