ஆசியான் ஒப்பந்த வரி மறுஆய்வுக்கு மனு எழுதும் முறை

இந்தியாவும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகளும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்டு 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்வதற்கு, 2023 ஆகஸ்டில் இருதரப்புப் பொருளாதார அமைச்சர்கள் ஒப்புதல் அளித்தனர். இத்தகைய மறுஆய்வுகளின்போது இந்திய அரசின் வணிகத் துறை உற்பத்தியாளர்களின் கருத்தைக் கேட்கும். அதற்கு மனு எழுத விரும்பும் சிறு சங்கங்களுக்கான வழிமுறையை, மிளகை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை, பொருளின் எட்டு இலக்கச் சுங்கக் குறியீட்டைக் கண்டறிவது. "மிளகு இறக்குமதியால் விவசாயி பாதிக்கப்படுகிறான்" என்று மட்டும் எழுதினால், பேச்சுவார்த்தை மேசையில் அதனால் பயனில்லை. அங்கே பேசப்படுவது பொருளின் பெயரை அல்ல, வரிப் பட்டியலின் ஒவ்வொரு வரிசையையும்தான். முழு மிளகு 0904 11 என்ற ஆறு இலக்கத் துணைத்தலைப்பின் கீழும், உடைத்த அல்லது பொடித்த மிளகு 0904 12 என்பதன் கீழும் வருகின்றன. முதல் துணைத்தலைப்பிலேயே சுத்தம் செய்த கருமிளகுக்கும் சுத்தம் செய்யாததற்கும் தனித்தனி எட்டு இலக்கக் குறியீடுகள் உள்ளன.

அடுத்து, அந்தக் குறியீட்டுக்கு இன்று உண்மையில் எவ்வளவு வரி வசூலாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது இங்கேதான். மிளகுக்குப் பொதுவான அடிப்படைச் சுங்க வரி 70 விழுக்காடு. ஆசியான் ஒப்பந்தத்தில் மிளகு, காபி, தேயிலை, பாமாயில் ஆகியவை சிறப்புப் பொருள்களாக ஒதுக்கப்பட்டு, மிளகின் வரி படிப்படியாகக் குறைந்து 2019 இறுதிக்குள் 50 விழுக்காட்டுக்கு வர வேண்டும் என்று அட்டவணை வகுக்கப்பட்டது. ஆனால் இலங்கையிலிருந்து வரும் மிளகுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன: 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் ஆசியானைவிட மிகக் குறைந்த வரியில் அதை அனுமதிக்கின்றன. உங்களைப் பாதிக்கும் சரக்கு கொழும்பிலிருந்து வருமானால், ஆசியான் வரியை உயர்த்தக் கோருவது பூட்டியிருக்கும் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவதாகும். எனவே வணிகத் துறையின் இணையதளத்தில் குறியீடு வாரியாகவும் நாடு வாரியாகவும் கிடைக்கும் இறக்குமதிப் புள்ளிவிவரத்தில், குறைந்தது ஐந்தாண்டு அளவையும் மதிப்பையும் எடுத்து, அளவால் மதிப்பை வகுத்துக் கிலோ விலையைக் கணக்கிடுங்கள்.

வரி விகிதத்தை மாற்றுவதைவிடப் பிறப்பிட விதியை, அதாவது ஒரு பொருள் எந்த நாட்டினது என்று முடிவுசெய்யும் விதியை, கடுமையாக்கும்படி கேட்பது சில வேளைகளில் எளிது என்பது என் கருத்து. ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, அந்த நாடுகளிலேயே முழுமையாக விளையாத பொருளில் 35 விழுக்காடு மதிப்பு அப்பகுதியில் சேர்ந்திருக்க வேண்டும், அதன் மூலப்பொருளுக்கு இருந்த ஆறு இலக்கத் துணைத்தலைப்பும் மாறியிருக்க வேண்டும். வெளிநாட்டு மிளகைச் சலித்து மூட்டை மாற்றுவது இதற்குப் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சுங்க விதிகளின்படி, சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. பிறப்பிடத்தை மெய்ப்பிக்கும் தகவலை இறக்குமதியாளரும் வைத்திருக்க வேண்டும். ஐயத்துக்குரிய சரக்கைப் பற்றிய சான்றுகள் உங்களிடம் இருந்தால், அவற்றைத் தனி இணைப்பாகச் சேருங்கள்.

மனுவின் முதல் பக்கத்தில் குறியீடு, இன்றைய வரி, கோரும் வரி, காரணம் ஆகிய நான்கும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். சங்கத்தின் வரலாறு கடைசிப் பக்கத்துக்குப் போகலாம். நறுமணப் பொருள் வாரியத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள்.