ஈரல் கொழுப்பு குறைந்தது மருந்தாலா, பட்டினியாலா?

என் முதல் எலிச் சோதனையில் முடிவு அவ்வளவு நன்றாக வந்தது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடைத் தீவனத்தில் கலந்து கொடுத்திருந்தேன். ஈரலில் கொழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. பிறகுதான் தீவனக் கணக்கைப் புரட்டினேன். அந்தக் கூண்டுகளில் மட்டும் தினமும் தீவனம் மிஞ்சியிருந்தது. கசந்ததால் எலிகள் தின்னவில்லை, இளைத்துவிட்டன. உடல் இளைத்தால் ஈரல் கொழுப்பு மருந்தே இல்லாமலும் குறையும். மாதக்கணக்கான உழைப்பும் அத்தனை உயிர்களும் வீணாகின. ஈரல் கொழுப்பு நோய்க்கு ஒரு தாவரச் சேர்மத்தைச் சோதிக்கப் போகும் உங்களுக்கு அது நேரக் கூடாது.

செல்லில் தொடங்குங்கள். ஹெப்ஜி2 (மனித ஈரல் புற்றிலிருந்து வளர்த்தெடுத்த) செல்களுக்கு ஓலிக் அமிலத்தையும் பால்மிடிக் அமிலத்தையும் 2:1 விகிதத்தில், மொத்தம் 1 மில்லிமோலாருக்கு மிகாமல், 24 மணி நேரம் கொடுத்தால் கொழுப்புத் துளிகள் சேர்ந்துவிடும். பால்மிடேட்டில்தான் (பால்மிடிக் அமிலத்தின் உப்பு) பலருக்கும் கை தவறுகிறது. 70 டிகிரியில் தெளிவாகக் கரைந்திருப்பது, கொழுப்பு அமிலத்தைச் சுமக்கும் புரதமான அல்புமினின் கரைசல் வெதுவெதுப்பாக (37 டிகிரி) இல்லையென்றால் ஊற்றிய கணமே திரிந்த பால்போல் வெண்மையாகிவிடும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளி கலங்கல் தெரிந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். கண்ட்ரோல் செல்களுக்கும் அதே அல்புமின், சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் அதே அளவும் போக வேண்டும். டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அடுத்தது நச்சுத்தன்மை. உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும்; அதை வைத்தே உயிரோடுள்ள செல்களைக் கணக்கிடுகிறோம். ஆனால் குவெர்செட்டின் போன்ற பாலிஃபீனால்கள் (தாவரச் சேர்மங்கள்), செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் ஏறும். ஆகவே செல் இல்லாமல் சேர்மம் மட்டும் போட்ட குழிகளை ஒவ்வொரு பிளேட்டிலும் வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், செல்கள் செத்து உதிர்ந்தாலும் கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயம் குறைவாகத்தான் காட்டும். சாயத்தை ஐசோபுரப்பனாலில் கரைத்து 510 நானோமீட்டர் அருகே அளந்த பிறகு, செல் எண்ணிக்கையாலோ புரத அளவாலோ வகுக்காத எண்ணை நம்பாதீர்கள். சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினால் சிவப்புப் படிகங்கள் படிந்து, அவையே கொழுப்பு மாதிரி தெரியும்.

எலிக்குப் போகுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கட்டும். சி57பிஎல்/6 என்ற ஆய்வக எலி வகைக்கு 60 சதவீத கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீவனத்தை 12 வாரமாவது கொடுத்து, ஈரலில் கொழுப்பு படிந்ததைச் சில எலிகளில் உறுதி செய்த பிறகே சேர்மத்தைத் தொடங்குங்கள். முதல் நாளிலிருந்தே கொடுத்தால் அது தடுப்புச் சோதனை. சிகிச்சை என்று எழுத முடியாது. மெதியோனின், கோலின் இல்லாத தீவனம் சீக்கிரம் அழற்சியைக் கொண்டுவரும், ஆனால் எலி இளைத்துப்போகும். பருமனோடு வரும் மனித நோயின் சாயல் அதில் இல்லை.

மருந்தை வாய்வழிக் குழாயில் கொடுங்கள். அப்போதும் பசி மந்தமாகலாம். எனவே மருந்துக் குழு நேற்றுத் தின்ற அளவை மட்டுமே இன்று பெறும், மருந்தில்லாத இன்னொரு குழு வேண்டும். இந்தக் குழுவைவிடவும் மருந்துக் குழுவின் ஈரல் தெளிந்திருந்தால்தான் உங்கள் சேர்மம் ஏதோ செய்திருக்கிறது. ஒப்பீட்டுக்கு ரெஸ்மெடிரோம் வைக்கலாம். ஈரலில் கொழுப்போடு அழற்சியும் சேரும் நோய்க்கென (மாஷ், MASH) 2024 மார்ச்சில் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற மருந்து அது.

ஸ்லைடு பார்ப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கொழுப்புக்கு 3, அழற்சிக்கு 3, செல் வீக்கத்துக்கு 2 என 8 புள்ளிகளில் அவர் மதிப்பிடட்டும். நார்த்திசுவுக்குத் தனிப் புள்ளி.

சாதாரணத் தீவனத்தோடு சேர்மம் மட்டும் பெறும் குழுவைச் செலவு பார்த்து விட்டுவிடாதீர்கள். பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளே சிலரின் ஈரலைப் பாதித்திருக்கின்றன. அந்தக் குழுவின் ரத்தத்தில் ஏஎல்டி (ஈரல் செல் சேதமானால் கசியும் நொதி) ஏறினால், மற்றக் குழுக்களில் எவ்வளவு கொழுப்பு குறைந்திருந்தாலும் அந்த மருந்தளவோடு சோதனையைத் தொடராதீர்கள்.