தெற்கு ஆப்பிரிக்கக் குழுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்ஸ்வானா, ஜாம்பியா, மலாவி என்று கிளம்பினால் தானாக ஒரு தைரியம் வந்துவிடும். வழிகாட்டி இருக்கிறார், மருந்துப் பெட்டி இருக்கிறது, யாராவது பார்த்துக்கொள்வார்கள். தவறுகள் பெரும்பாலும் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன.

முதலில் மலேரியா. ஊர் திரும்பியதும் அது வராமல் தடுக்கப் போடும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கொசு கடித்த பிறகு கிருமி பல நாள் கல்லீரலில் வளர்ந்துதான் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் அங்கிருந்து வந்த பின்னும் டாக்சிசைக்ளினை 4 வாரமும், அட்டோவாகுவோன்-புரோகுவானிலை 7 நாளும் தொடரச் சொல்கிறார்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை இருக்கிறதே என்று கொசுவலையை விட்டுவிடவும் கூடாது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசும் நேரமும் அதுதான். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது காய்ச்சலை மறைப்பது. நம்மால் மற்றவர்களுக்கு ஒரு நாள் வீணாகிவிடுமே என்று பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வண்டியேறுவார்கள். அங்கே அதிகம் பரவுவது ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகை. ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். திரும்பி வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் ஊரில் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

மலாவி ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். எல்லோரும் இறங்குகிறார்களே என்று நாமும் இறங்குவோம். அங்குள்ள நத்தைகளிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா நோயைத் தரும் புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்போது ஒன்றும் தெரியாது. இறங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிராசிகுவான்டெல் மாத்திரையில் குணமாகும்.

சாப்பாட்டுக்கு முன் ஒரே பேசினில் எல்லோரும் கை முக்குவது வயிற்றுப்போக்கைப் பங்கு போடுவது போல. குழாய்த் தண்ணீரும் சோப்பும் வேண்டும். வயிறு சரியில்லாதவர் காய் நறுக்கக் கூடாது.

ஒகவாங்கோ, சாம்பேசி ஆற்றங்கரையில் இரவில் நீர்யானை புல் மேய மேலேறி வரும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள். கூடாரத்தை விட்டு இறங்கும் முன் டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். உணவை உள்ளே வைத்தால் கழுதைப்புலி தேடி வரும்.

அப்புறம், சாலை. நமீபியாவின் சரளைச் சாலைகளில் வேகமாகப் போன வண்டிகள் வழுக்கிக் கவிழ்வது அடிக்கடி நடக்கிறது. இருட்டும் முன் போய்ச் சேர ஓட்டுநர் அவசரப்படுவார், பின்னால் உள்ளவர்கள் சங்கடப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்கள். வேகம் காட்டும் முள் 80 கி.மீ.-ஐத் தாண்டினால் சொல்லிவிடுங்கள். பின் இருக்கையிலும் பெல்ட் போடுங்கள்.