சூடேறினால் சுருதி விலகிய பழைய சின்தசைசர்

சின்தசைசரை ஆன் செய்து கொஞ்ச நேரம் ஆனால் போதும், அதன் இரண்டு ஆஸிலேட்டர்களில் (ஸ்வரத்தை உருவாக்கும் சர்க்யூட்கள்) ஒன்று மட்டும் சுருதி விலகிக்கொண்டே போகும். இன்னொன்று அசையாது. முதலில் பவர் சப்ளையில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றினேன். இரைச்சல் குறைந்தது, சுருதி அப்படியேதான். சுருதியைச் சரிசெய்யும் சிறு திருகான டிரிம்மரைச் சுத்தம் செய்தும் பயனில்லை.

அப்புறம் பிளாஸ்டிக் குச்சியால் பாகங்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பார்த்தேன். ஆஸிலேட்டரின் சுருதியைத் தீர்மானிக்கும் டைமிங் கெபாசிட்டரைத் தட்டியதும் ஸ்பீக்கரில் ஸ்வரம் துள்ளியது! முன்பு ரிப்பேர் செய்த யாரோ அங்கே எக்ஸ்7ஆர் (X7R) வகை செராமிக் கெபாசிட்டரைப் போட்டிருக்கிறார்கள். அளவு சரிதான், 1000 பிகோஃபாரட். ஆனால் அந்த வகை அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். சூடேறினால் மதிப்பும் மாறும். மதிப்பு 1 சதவீதம் மாறினாலே சுருதி சுமார் 17 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகும், காதுக்கு நன்றாகவே தெரியும். மீட்டரில் அளவு மட்டும் பார்த்தால் இது பிடிபடவே படாது.

நன்றாக இருந்த ஆஸிலேட்டரில் இருந்தது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகை கெபாசிட்டர். அதையே இதிலும் போட்டேன். இப்போது இரண்டும் மணிக்கணக்கில் சேர்ந்தே நிற்கின்றன, பெரிய நிம்மதி. பாலிஸ்டைரீன் சூட்டில் இளகிவிடும்; சூட்டை இழுத்துக்கொள்ள அதன் கம்பியில் கிளிப் மாட்டி, சட்டென்று சால்டர் செய்யுங்கள். அது கிடைக்காவிட்டால் சூட்டில் மதிப்பு அவ்வளவாக மாறாத சி0ஜி (C0G) வகை செராமிக் போடலாம்.